1986-இல் எஞ்சின் மாற்றிய 1964 அம்பாசடர்: வி.ஏ. எண்ணுக்குப் போகலாமா, பழைய பதிவையே புதுப்பிக்கலாமா?

வெள்ளை_அம்பாசடர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தாத்தா 1964-இல் புதிதாக வாங்கிய அம்பாசடர் மார்க் 2 இந்த ஆண்டு என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. எம்.டி.யு. என்று தொடங்கும் பழைய எண்ணோடு, ஒரே குடும்பத்தின் பெயரில், ஒரே ஊரில் இருந்த வண்டி. ஆர்.சி. இன்னும் சில மாதங்களில் காலாவதியாகிறது. அதைப் புதுப்பிப்பதா, பழம்பெரும் வாகனமாக வி.ஏ. வரிசையில் பதிவு செய்வதா என்று முடிவெடுக்க வேண்டிய நிலையில் இருக்கிறேன்.

சிக்கல் எஞ்சினில் இருக்கிறது. 1986-இல் தாத்தா மூல பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, அம்பாசடருக்கென்றே வந்த 1489 சி.சி. டீசல் எஞ்சினை ஏற்றினார். பெட்ரோல் செலவு தாங்காமல் அன்று பலரும் செய்த வேலைதான் அது. ஆர்.சி. புத்தகத்தின் உள்பக்கத்தில் புதிய எஞ்சின் எண்ணும் ‘எரிபொருள்: டீசல்’ என்ற குறிப்பும் ஊதா மையில் கையால் எழுதப்பட்டு, கீழே அலுவலக முத்திரையும் கையெழுத்தும் இருக்கின்றன. அதன் பிறகு பிற்கால அம்பாசடரிலிருந்து எடுத்த முன்சக்கர டிஸ்க் பிரேக், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், முன் இருக்கைகளுக்கு சீட் பெல்ட் ஆகியவையும் வந்து சேர்ந்தன. இவை எதுவும் ஆர்.சி.யில் இல்லை. பாடியையும் சேஸிஸையும் (வண்டியின் அடிச்சட்டகம்) யாரும் தொட்டதில்லை.

நான் கேட்ட ஒரு முகவர், ஐயாயிரம் ரூபாய் கட்டினால் வி.ஏ. பதிவு வந்துவிடும் என்றார். இன்னொருவர், எஞ்சின் மாறியது தெரிந்தால் வண்டியையே பிடித்து வைத்துவிடுவார்கள் என்றார். இரண்டில் எது உண்மை என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

டெலைட்_1100 எழுதியது:

என்னுடைய 1967 ஃபியட் 1100 டெலைட்டை இந்தத் திட்டத்தில் பதிவு செய்திருக்கிறேன் என்பதால், விதியில் உள்ளதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் ஒரு திருத்தம் செய்து, 81-ஏ முதலான புதிய விதிகளைச் சேர்த்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனம் அதன் மூல வடிவில் பராமரிக்கப்பட்டு, சேஸிஸிலோ பாடியின் கூட்டிலோ எஞ்சினிலோ மாற்றம் உள்ளிட்ட பெரிய அளவிலான சீரமைப்புக்கு உட்படாமல் இருந்தால் அது பழம்பெரும் வாகனம். வயது ஒரு நிபந்தனை, மூல வடிவம் இன்னொரு நிபந்தனை. இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். உங்களிடம் பேசிய முதல் முகவர் வயதை மட்டும் பார்த்துவிட்டுப் பேசியிருக்கிறார்.

பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் படிவம் 20 வழியாக விண்ணப்பிக்க வேண்டும். நடப்பிலுள்ள காப்பீடு, பழைய ஆர்.சி., இறக்குமதி வண்டியானால் சுங்கத்துறையின் நுழைவுச் சீட்டு ஆகியவற்றை இணைக்க வேண்டும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் கட்டணம். 60 நாட்களுக்குள் படிவம் 23-ஏ-வில் சான்றிதழ் வழங்க வேண்டும் என்பது விதி; அது 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஏற்கெனவே இந்தியாவில் பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பதால் உங்கள் எம்.டி.யு. எண் போய்விடுமோ என்று அஞ்ச வேண்டாம். மாநிலக் குறியீட்டை அடுத்து வி.ஏ. என்ற எழுத்துகள், பிறகு இரண்டெழுத்து வரிசை, நான்கு இலக்கம் என்ற அமைப்பு புதிதாகப் பதிவாகும் வண்டிகளுக்கு உரியது.

இனி, யாரும் சரியாகச் சொல்லாத ஒன்று. வி.ஏ. பதிவுள்ள வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கும் வணிகத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. கண்காட்சி, பழைய வாகனப் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு, இவற்றுக்குப் போய்வருதல் ஆகியவற்றோடு உரிமை முடிந்துவிடுகிறது. என் ஃபியட்டில் என் மகளைப் பள்ளியில் கொண்டுபோய் விட்ட காலம் உண்டு. இன்று அதைச் செய்ய முடியாது. தெரிந்தேதான் ஒப்புக்கொண்டேன். நீங்களும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

வழக்குக்கட்டு எழுதியது:

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. 1986-இல் நடந்த மாற்றம் சட்டப்படி சரியானதா என்பது ஒன்று. மாற்றத்துக்குப் பிறகும் வண்டி மூல வடிவில் இருக்கிறதா என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஆம் என்ற விடை கிடைப்பதாலேயே இரண்டாவதற்கும் ஆம் என்று ஆகிவிடாது.

முதல் கேள்வியில் நீங்கள் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். 1986-இல் நடப்பில் இருந்தது 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். 1988-ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அன்றைய அதிகாரி ஏற்றுப் பதிந்த மாற்றம் அந்த ஊதா மையில் இருக்கிறது. புதிய சட்டத்தின் 217-ஆம் பிரிவு, பழைய சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட சான்றிதழ்களைக் காப்பாற்றுகிறது. எனவே எஞ்சினைக் காரணம் காட்டி வண்டியைப் பிடித்துவிடுவார்கள் என்று இரண்டாவது முகவர் சொன்னதற்கு, அந்தப் பக்கம் உங்கள் கையில் இருக்கும் வரை அடிப்படை இல்லை. அந்தப் புத்தகத்தை முதலில் நல்ல தரத்தில் ஸ்கேன் செய்து வையுங்கள். பழைய மை ஈரத்தில் கரைந்துவிடும்.

இதே வேலையை இன்று ஒருவர் செய்தால் நிலைமை முற்றிலும் வேறு. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை 2000-ஆம் ஆண்டில் திருத்தினார்கள். தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாகும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்பதே அந்தப் பிரிவின் இன்றைய மையம். வேறு எரிபொருளுக்கு மாற்றும் அங்கீகரிக்கப்பட்ட கருவித் தொகுப்புகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கான தகவமைப்புகளுக்கும் வழி விட்டிருக்கிறார்கள். கேரளத்திலிருந்து வந்த கே. ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை மேலும் தெளிவாக்கியது. தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புகளை மாற்ற முடியாது. பதிவுச் சான்றிதழில் உள்ள மற்ற விவரங்களை உரிய முறைப்படி மாற்றிக் குறித்துக்கொள்ளலாம் என்பதே தீர்ப்பின் சாரம். மாநில விதிகள் இந்தப் பிரிவுக்குக் கட்டுப்பட்டவை என்றும் சொன்னது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தத்தின் 182-ஏ (4) பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரே வண்டியில் நான்கு மாற்றம் இருந்தால் நான்கு முறை.

இரண்டாவது கேள்விக்கு என் விடை உங்களுக்கு மகிழ்ச்சி தராது. விதி எஞ்சினைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. டீசல் எஞ்சினோடு விண்ணப்பித்து, மூல வடிவம் என்று கையெழுத்திடுவது தவறான உறுதிமொழியாகும். அதைச் செய்யாதீர்கள்.

லேத்_பட்டறை எழுதியது:

வழக்கறிஞர் ஐயா சொன்னதோடு எனக்கு வேறுபாடு இல்லை. ஆனால் விதியில் பெரிய அளவிலான சீரமைப்பைக் குறிக்கும் ‘ஓவர்ஹால்’ என்ற சொல் எங்கள் தொழிலில் இருப்பவர்களைப் பல நாட்களாகக் குழப்பிக்கொண்டிருக்கிறது. பட்டறையில் ஓவராலிங் என்றால் எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரின் உள்துளையைக் கடைந்து (போர் போட்டு), ஓவர்சைஸ் பிஸ்டன் ஏற்றி, கிராங்கைச் சாணை பிடித்து, புதிய பேரிங் போட்டுப் பூட்டுவது. அறுபது வயது எஞ்சினில் இந்த வேலையை இரண்டு மூன்று முறை செய்யாமல் வண்டி ஓடவே ஓடாது. இதைப் பெரிய சீரமைப்பு என்று கணக்கில் எடுத்தால் நாட்டில் ஒரு பழைய வண்டிகூடத் தேறாது. நான் புரிந்துகொண்ட வரையில், அதே பிளாக், அதே கொள்ளளவு, அதே எரிபொருள் என்று இருந்தால் அது பராமரிப்பு. பிளாக்கே வேறு என்றால் அது மாற்றம். விதியின் வாசகம் இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டிருந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

இன்னொன்று, சேஸிஸ் எண். ஆய்வுக்குப் போகும் முன் இதைத்தான் எல்லோரும் கெடுத்துக்கொள்கிறார்கள். பல முறை டிங்கரிங், பெயின்டிங் பார்த்த வண்டியில் எண்ணின் மேல் நான்கைந்து பூச்சு ஏறியிருக்கும். கிரைண்டர் வைத்துத் தேய்க்கவே கூடாது. இரும்பில் புதிய கீறல் விழுந்தால், எண்ணைத் திருத்தியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் அந்தக் கணமே எழும். பெயின்ட் ரிமூவரைத் துணியில் நனைத்து எண்ணின் மேல் பத்து நிமிடம் போர்த்திவிட்டு, மூங்கில் குச்சியால் பூச்சை ஏடு ஏடாக உரித்தெடுக்க வேண்டும். பிறகு மண்ணெண்ணெயில் துடைத்து உலரவிட்டு, சுண்ணாம்புப் பொடியை விரலால் தேய்த்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். அதன் பிறகு மெல்லிய தாளை வைத்து, பென்சிலைப் படுக்கவைத்து மெதுவாக இழைத்தால், மூன்றா எட்டா என்ற சந்தேகம் வராத பென்சில் பிரிண்ட் கிடைக்கும். சென்ற ஆண்டு ஒரு வண்டியில் இப்படித்தான் ஆர்.சி.யில் 8 என்று இருந்தது உலோகத்தில் 3 என்று தெரிந்தது. எழுத்தரின் பழைய கைப்பிழை அது. உரிமையாளர் அதைத் திருத்தி வாங்க ஏழு மாதம் அலைந்தார்.

ஓய்வுபெற்ற_ஆய்வாளர் எழுதியது:

மோட்டார் வாகன ஆய்வாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், மேசையின் மறுபக்கத்தில் இருந்து சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

மேலே நண்பர் சொன்ன 3, 8 குழப்பம் அரிதானதல்ல. பழைய பதிவேடுகள் எல்லாம் கையால் எழுதப்பட்டவை. அவை வாகன் தரவுத்தளத்துக்கு ஏற்றப்பட்டபோது பிழைகளும் கூடவே ஏறின. பல வண்டிகளின் பதிவு ஏறவே இல்லை. எனவே எந்த விண்ணப்பத்துக்கும் முன்பாக, தரவுத்தளத்தில் உங்கள் வண்டியின் எண், சேஸிஸ் எண், எஞ்சின் எண், எரிபொருள், முதல் பதிவு நாள் ஆகிய ஐந்தும் புத்தகத்தில் உள்ளபடி இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். 1986-இன் எஞ்சின் எண் ஏறாமல் 1964-இன் எண்ணே அங்கே நின்றிருக்க வாய்ப்பு மிக அதிகம். அப்படியானால் காப்பீட்டு ஆவணத்திலும் பழைய எண்ணே இருக்கும். விபத்து நேர்ந்து இழப்பீடு கோரும் நாளில்தான் அந்த முரண்பாடு வெளியே வரும். அன்று அதற்கு மருந்து இல்லை.

ஆய்வாளர் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார் என்று உரிமையாளர்கள் வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். பழைய வண்டி விலையேறிய பிறகு, ஒரு துருப்பிடித்த தகட்டையும் ஒரு ஆர்.சி. புத்தகத்தையும் மட்டும் வாங்கி, அவற்றைச் சுற்றி வேறொரு வண்டியைக் கட்டிக்கொண்டு வருபவர்கள் பெருகிவிட்டார்கள். சேஸிஸ் எண் உள்ள பகுதியை வெட்டியெடுத்து வேறொரு வண்டியில் பற்றவைத்த வேலையை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பற்றவைத்த விளிம்பைப் புட்டி போட்டு மறைத்து, மேலே பழைய நிறத்தையே அடித்திருந்தார்கள்; விரல் நகத்தால் தட்டியபோது சத்தம் மாறியதால்தான் தெரிந்தது. திருட்டு வண்டிக்குப் புதிய பிறப்புச் சான்று கொடுக்கும் வழி அது. உங்கள் தாத்தாவைப் போல நேர்மையாகச் செய்து, நேர்மையாகப் பதிந்த குடும்பங்கள் இந்தக் கூட்டத்தினால்தான் இன்று சந்தேகத்துக்கு ஆளாகின்றன. எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு.

டிஸ்க் பிரேக், ஆல்டர்னேட்டர், சீட் பெல்ட் குறித்து: பழம்பெரும் வாகன விதி பெயர் சொல்லிக் குறிப்பிடும் மூன்றில் இவை அடங்கவில்லை. அதே தயாரிப்பாளரின் பிற்கால உதிரிபாகத்தை, வெட்டாமல், பற்றவைக்காமல், போல்ட் போட்டுப் பொருத்தியிருந்தால் நான் எதிர்மறையாக எடுத்திருக்க மாட்டேன். ஆனாலும் பழைய டிரம் பிரேக், பழைய டைனமோ ஆகியவற்றைத் தூக்கிப் போட்டுவிடாமல் வைத்திருங்கள். ஆய்வாளருக்கு ஆய்வாளர் பார்வை மாறும்.

பர்மிங்காம்_வாசி எழுதியது:

பிற நாடுகளில் இதே சிக்கலை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதையும் இங்கே வைப்பது பயன்படும் என்று நினைக்கிறேன்.

நான் இருக்கும் பிரிட்டனில், 40 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2018 மே 20 முதல் ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. ஆனால் வண்டி பெரிதாக மாற்றப்பட்டிருந்தால் இந்த விலக்கு கிடையாது. அந்த மாற்றத்தை எடைபோடும் முறையில் இரண்டு செய்திகள் உங்களுக்குப் பொருந்தும். கடந்த 30 ஆண்டுகளுக்குள் நடந்த மாற்றங்களையே கணக்கில் எடுக்கிறார்கள் என்பது ஒன்று. அந்த வண்டிக்குத் தயாரிப்பாளரே மாற்றாக வழங்கிய எஞ்சினைப் பெரிய மாற்றமாகக் கருதுவதில்லை என்பது மற்றொன்று. உங்கள் வண்டி இங்கே இருந்திருந்தால் 1986-இன் மாற்றத்தை அதன் வரலாற்றின் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அடியோடு மாற்றிக் கட்டிய வண்டிகளின் அடையாளத்தைத் தீர்மானிக்க இங்கே ஒரு புள்ளிக் கணக்கும் நெடுங்காலம் இருந்துவந்தது. சேஸிஸுக்கு 5, சஸ்பென்ஷன், அச்சுகள், கியர் அமைப்பு, ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2, எஞ்சினுக்கு 1. மொத்தம் 14-இல் குறைந்தது 8 புள்ளி மூல பாகங்களால் நிறைய வேண்டும், அதில் சேஸிஸும் இருக்க வேண்டும். தேறாத வண்டிக்கு வயது குறிப்பிடப்படாத ‘க்யூ’ எண் தருவார்கள். எஞ்சினுக்கு ஒரே ஒரு புள்ளி என்பதைப் பாருங்கள். எஞ்சின் தேயும், மாறும். வண்டியின் உயிர் அதன் சட்டகத்தில் இருக்கிறது என்ற பார்வை அந்தக் கணக்குக்குள் இருக்கிறது.

ஜெர்மனியில் 1997 முதல் 30 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு எண்ணின் இறுதியில் ‘எச்’ என்ற எழுத்து தருகிறார்கள். தயாரான முதல் பத்தாண்டுகளுக்குள் அந்தக் காலத்து வழக்கப்படி செய்த மாற்றங்களை அங்கே ஏற்கிறார்கள். 1966-இல் தொடங்கிய ஃபிவா என்ற உலகக் கூட்டமைப்பும், காலத்தோடு ஒட்டிய மாற்றம், காலத்துக்குப் பொருந்தாத மாற்றம் என்று இரண்டைப் பிரித்தே வண்டிகளை வகைப்படுத்துகிறது. நம் நாட்டு விதியில் இல்லாதது இந்தப் பிரிவினைதான். 1986-இல் டீசல் ஏற்றிய அம்பாசடரும், சென்ற மாதம் ஜப்பானிய எஞ்சினை ஏற்றி, கூரையை அறுத்தெடுத்த அம்பாசடரும் நம் விதியின் முன்னால் ஒன்றாக நிற்கின்றன.

ஹெரால்டு_காரர் எழுதியது:

பர்மிங்காம் நண்பரின் கடைசி வரியோடு நான் உடன்படுகிறேன். ஆனால் அதிலிருந்து அவர் போகக்கூடிய முடிவோடு உடன்படவில்லை.

என்னிடம் இருப்பது சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் தயாரித்த ஹெரால்டு. அதற்குத் தனிச் சேஸிஸ் உண்டு; பாடியை போல்ட் கழற்றித் தூக்கிவிடலாம். தூக்கிய பின் அந்தச் சேஸிஸ் மேல் எதை வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம். பிரிட்டன் கணக்கின்படி சேஸிஸுக்கு ஐந்து புள்ளி கொடுத்தால், ஹெரால்டின் பாடியே இல்லாத ஒரு வண்டி ஹெரால்டாகத் தேறிவிடும். அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் பாடியே சட்டகம் என்பதால் உங்களுக்கு இந்த அச்சம் எழாது. எங்களுக்கு உண்டு. வி.ஏ. என்ற இரண்டு எழுத்துகளுக்கு மதிப்பு இருக்க வேண்டுமானால் அந்தக் கதவு குறுகலாகவே இருக்கட்டும். மூல எஞ்சினோடு, மூல வயரிங்கோடு, உதிரிபாகத்துக்காக ஊர் ஊராக அலைந்து பத்தாண்டு காத்திருந்து மீட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்புக்கு அந்த எழுத்துகள் ஒரு மரியாதை.

அதே சமயம், கதவுக்கு வெளியே நிற்பவர்களுக்கு ஒரு திண்ணையாவது வேண்டும் என்பதையும் மறுக்க மாட்டேன். 30 ஆண்டு முதல் 50 ஆண்டு வரையிலான வண்டிகளுக்கு இன்று தனி வகை எதுவும் இல்லை. 1980-களின் பத்மினியும் ஸ்டாண்டர்டு 2000-உம் எந்த அடையாளமும் இன்றிச் சாதாரண மறுபதிவில்தான் நிற்கின்றன. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு கடந்த கார்களுக்கான புதுப்பித்தல் கட்டணம் 10,000 ரூபாய் ஆகிவிட்டது. அதுவும் ஐந்தே ஆண்டுகளுக்கு. பழம்பெரும் வாகனத்தின் மறுபதிவுக்கு 5,000 ரூபாயில் பத்து ஆண்டு. ஐம்பதாவது பிறந்தநாள் வரை ஒரு வண்டியை உயிரோடு கொண்டுவந்து சேர்ப்பதுதான் கடினமான பகுதி, அந்தப் பகுதியில்தான் உரிமையாளருக்கு எந்த உதவியும் இல்லை. மத்திய அமைச்சகம் வரைவு விதி வெளியிடும்போதெல்லாம் கருத்துக் கேட்கிறது. அடுத்த முறை, ஆவணத்தில் ஏறிய பழைய மாற்றங்களுக்கென்று இரண்டாவது வகை ஒன்று வேண்டும் என்று நாம் எழுத வேண்டும். முதல் வகையின் வரையறையைத் தளர்த்தச் சொல்லி எழுதக் கூடாது.

வெள்ளை_அம்பாசடர் எழுதியது:

இவ்வளவு பொறுமையாக விளக்கிய எல்லோருக்கும் நன்றி. ஆய்வாளர் ஐயா சொன்னபடி தரவுத்தளத்தைப் பார்த்தேன். அவர் கணித்தது அப்படியே இருந்தது: எரிபொருள் டீசல், எஞ்சின் எண் மட்டும் 1964-இன் பெட்ரோல் எஞ்சினுடையது. காப்பீட்டிலும் அதே பழைய எண். இத்தனை ஆண்டுகளாக யாரும் கவனிக்கவில்லை.

இதற்கிடையில் வேறொரு செய்தியும் வந்தது. 1986-இல் இறக்கிய பெட்ரோல் எஞ்சினைத் தாத்தா விற்கவில்லை என்றும், கிணற்றில் தண்ணீர் இறைக்க அதைச் சில ஆண்டுகள் ஓட்டினார் என்றும் என் பெரியப்பா சொன்னார். மோட்டார் அறையில் அது இன்னும் கிடக்கிறதாம். அது கிடைத்தால், அதை மறுபடியும் வண்டியில் ஏற்றி, மூல வடிவத்துக்குக் கொண்டுவந்து வி.ஏ. கேட்க முடியுமா? 52-ஆம் பிரிவு அதற்கும் குறுக்கே நிற்குமா?

வழக்குக்கட்டு எழுதியது:

தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு முரணாகப் போவதைத்தான் 52 (1) தடுக்கிறது. அதை நோக்கித் திரும்புவதை அந்தப் பிரிவு தடுக்கவில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆயினும் எஞ்சினை ஏற்றிவிட்டுப் பிறகு சொல்லலாம் என்று இருந்துவிடாதீர்கள். முதலில் தரவுத்தளத்தில் இப்போதுள்ள டீசல் எஞ்சின் எண்ணைத் திருத்தச் சொல்லி, புத்தகத்தின் நகலோடு மனுக் கொடுங்கள். அதன் பிறகு மூல எஞ்சினைத் திரும்பப் பொருத்த எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். அனுமதி வந்த பின் வேலை, வேலை முடிந்த பின் ஆய்வு, ஆய்வுக்குப் பின் ஆர்.சி.யில் குறிப்பு. பழைய எண்ணே தரவுத்தளத்தில் இருக்கிறது, பழைய எஞ்சினும் கிடைத்துவிட்டது, எனவே எதுவுமே மாறவில்லை என்று காட்டிவிடலாம் என்ற யோசனையை யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். உங்கள் வண்டியின் பெரிய பலமே அதன் ஆவணத் தொடர்ச்சிதான். அதில் நீங்களே ஓட்டை போட்டுவிடக் கூடாது.

ஆர்.சி. காலாவதியாகும் முன் சாதாரணப் புதுப்பித்தலை முடித்துவிடுங்கள். 10,000 ரூபாய் வீண் என்று தோன்றும். பதிவு இல்லாத வண்டியாகி நின்றுவிட்டால் அதைவிடப் பல மடங்கு அலைச்சல்.

லேத்_பட்டறை எழுதியது:

தம்பி, எஞ்சின் கிடைத்தால் உடனே சுற்றிப் பார்க்காதீர்கள். முப்பது ஆண்டுக்கு மேல் நின்ற எஞ்சினில் ரிங் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருக்கும். பலமாகத் திருப்பினால் உடையும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி இரண்டு வாரம் ஊறவிடுங்கள். தண்ணீர் அறையில் பிளாக் வெடித்திருக்கிறதா என்று வெளிப்பக்கம் முழுவதும் பாருங்கள். சிறிய விரிசலானால் தைத்துவிடலாம், பிளாக்கை மாற்ற வேண்டியதில்லை. பிளாக்கை மாற்றினால் இந்த முயற்சிக்கே பொருள் இல்லாமல் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்து எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்தது. இன்று வருவது ஈயமில்லாத, எத்தனால் கலந்த பெட்ரோல். ஹெட்டைப் பிரிக்கும்போதே கடினப்படுத்திய வால்வு சீட்டுகளை அமுக்கிவிடுவது நல்லது. பெட்ரோல் பம்பின் டயாபிரத்தையும் எரிபொருள் குழாய்களையும் எத்தனால் தாங்கும் ரப்பரில் மாற்றிவிடுங்கள். இவை பராமரிப்பு வேலை, வெளியே தெரியாது, எண்ணையும் தொடாது.

ஓய்வுபெற்ற_ஆய்வாளர் எழுதியது:

எஞ்சினை அந்த அறையிலிருந்து நகர்த்தும் முன்பே, அது கிடக்கும் நிலையிலேயே படம் எடுங்கள். எண் உள்ள இடத்தை அண்மையிலும், அறை முழுவதும் தெரியும்படி தூரத்திலும் எடுக்க வேண்டும். உங்கள் பெரியப்பா அதை எப்போது, எதற்காக, யார் இறக்கினார்கள் என்று தமக்குத் தெரிந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், என் காலத்தில் நான் அதைக் கோப்பில் மகிழ்ச்சியோடு சேர்த்திருப்பேன்.

வெள்ளை_அம்பாசடர் எழுதியது:

நேற்று ஊருக்குப் போய் வந்தேன். மோட்டார் அறையின் கதவைத் திறக்கவே முடியவில்லை. கீல் துருப்பிடித்து, வெளியே கருவேலம் முளைத்திருந்தது. உள்ளே, இரண்டு மரக்கட்டைகளின் மேல், தார்ப்பாய் போர்த்தியபடி எஞ்சின் இருந்தது. மேலே எலி கூடு கட்டியிருந்தாலும், பிளக் துளைகள் நான்கிலும் யாரோ பழந்துணியை எண்ணெயில் நனைத்து இறுக்கமாக அடைத்து வைத்திருந்தார்கள். தாத்தாதான் செய்திருப்பார் என்றார் பெரியப்பா.

முதலில் படங்கள் எடுத்தேன். பிறகு மண்ணெண்ணெயில் துடைத்து, சுண்ணாம்புப் பொடி தேய்த்து, தாள் வைத்துப் பென்சில் இழைத்தேன். கடைசி இலக்கம் தவிர மற்ற எல்லாம் தெளிவாக வந்துவிட்டன, அவை ஆர்.சி. புத்தகத்தின் முதல் பக்கத்தில் உள்ள எண்ணோடு ஒன்றுகின்றன. கடைசி இலக்கத்தின் மேல் துரு திட்டாகப் படிந்திருக்கிறது. கிரைண்டர் எடுக்கவில்லை. துணியை நனைத்துப் போர்த்திவிட்டு வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறேன். தரவுத்தளத் திருத்தத்துக்கான மனுவும் புதுப்பித்தல் விண்ணப்பமும் திங்கட்கிழமை கொடுக்கத் தயாராக இருக்கின்றன.